காயல் கரையினர் சொன்னது: கால்டுவெல் கடிதத்தின் மறுவாசிப்பு

தாமிரபரணி முகத்துவாரத்தின் வரலாறு என்றால் எல்லாரும் ஒரே வரிசையைத்தான் சொல்கிறோம். கொற்கையைவிட்டுக் கடல் விலகியது, துறை காயலுக்கு நகர்ந்தது. காயலும் மணலடைந்து தூர்ந்தது, வணிகம் தூத்துக்குடிக்குப் போயிற்று. சொல்லிச் சொல்லி இது இன்னாருடைய கருத்து என்பதே மறந்துபோய், நிலவியல் உண்மைபோல வழங்கிவருகிறது. இதற்கு எழுத்தில் உருக்கொடுத்தவர் ராபர்ட் கால்டுவெல். 1877இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’யில் அவர் எழுதிய கொற்கை-காயல் ஆய்வுக் குறிப்பும், 1881இல் வெளிவந்த திருநெல்வேலி வரலாறும் எல்லாரும் எடுத்தாள்பவை. இவற்றுக்கு முன்னரே ஹென்றி யூலுக்கு அவர் ஒரு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். யூல் அதைத் தம் மார்க்கோ போலோ பதிப்பில், காயல் பற்றிய குறிப்பில் சேர்த்திருக்கிறார். மேற்சொன்ன வரிசையின் வேர் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. அந்த வரிசையை ஐயுறுவதற்கான சான்றும் அங்கேயே இருக்கிறது.

கடிதம் எழுந்த நோக்கம் வேறு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ புகழ்ந்த ‘காயில்’ எந்த ஊர் என்பது யூலின் கேள்வி. காயல்பட்டினமாக இருக்கும் என்று அவர் எண்ணியிருந்தார். கால்டுவெல் அதை மறுத்து, ஆற்று முகத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மைல் உள்ளே இருக்கும் பழையகாயலே அது என்று நிறுவினார். நில அளவைப் படத்தில் அந்த ஊர் ‘கோயில்’ என்று தவறாகப் பதிவாகியிருந்ததையும் சுட்டினார். அவ்வளவுக்கு அது கண்ணில் படாத ஊராகியிருந்தது. இந்த அடையாளப் பூசல் இன்றும் ஓயவில்லை. என் அக்கறை அதில் இல்லை. தம் கட்சியை நிறுவும் வழியில் கால்டுவெல் நான்கு ஊர்க்காரர்களின் சொல்லைப் பதிவுசெய்திருக்கிறார். தங்கள் கரையும் தங்கள் குடியும் எப்படி மாறின என்று அந்தக் கரையில் வாழ்ந்தவர்களே பத்தொன்பதாம் நூற்றாண்டில் சொன்னதாக நமக்குக் கிடைக்கும் அரிய பதிவு அது.

அந்த நான்கு சாட்சியங்களின் சாரம் இது. காயல்பட்டினத்தார் தங்கள் ஊர் புதியது, உண்மையான காயல் கைவிடப்பட்ட பின் உண்டானது என்று ஒப்புக்கொள்கிறார்கள். ஊரின் முந்திய பெயர் சோனகர்பட்டினம், காயல் என்ற பெயர் பழைய நகரின் நினைவாகப் பின்னர் ஒட்டியது என்கிறார்கள். புன்னைக்காயலாரில் பலரும் காயல்பட்டினத்தாரில் பலரும், போர்த்துகீசியர் காயலிலிருந்து தூத்துக்குடிக்குப் பெயர்ந்த பிறகு தங்கள் முன்னோர் காயலைவிட்டு வந்ததாகச் சொல்கிறார்கள். பழையகாயலார், தங்கள் நகரம் ஒருகாலத்தில் கொற்கையையும் தன்னுள் அடக்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தது என்கிறார்கள். சீனத்தோடு நடந்த வணிகத்தை அவர்கள் மறந்துவிட்டார்கள். அரபு, பாரசீகக் கரைகளோடு நடந்த வணிகம் மட்டும் தெளிவாக நினைவில் நிற்கிறது. கொற்கையார் சொல்வது வேறு: கொற்கைதான் முதலில் துறைமுகம், கடல் பின்வாங்கப் பின்வாங்க வணிகத்துக்கு உதவாமற்போயிற்று, கொற்கை தாழக் காயல் உயர்ந்தது, கடல் மேலும் விலகவே காயலும் கைவிடப்பட்டது, அன்றைய வணிகம் முத்து வணிகம்.

பழையகாயலார் கூற்றைவிடக் கொற்கையார் கூற்றே நம்பத்தகுந்தது என்று கால்டுவெல் தீர்ப்புச் சொல்கிறார். காரணம் சொல்லவில்லை. ஊர்ப்பெருமை பேசுகிறார்கள் என்று அவர் எண்ணியது போலத் தோன்றுகிறது. ஆனால் தீர்ப்புக்குச் சற்று முன்னால் அவர் தந்திருக்கும் தரவுகளைப் பாருங்கள். பழையகாயலுக்கு வடக்கே இரண்டு மூன்று மைலுக்குக் கோட்டை, கோயில், பண்டகசாலை, கிணறு, குளம் இவற்றின் இடிபாடுகள். வெளி முழுக்க உடைந்த ஓடும் பானைச் சில்லும், பெரும்பாலும் சீனப் பீங்கான். மேடுகளில் முத்துச்சிப்பி ஓடுகள், சாதிலிங்கம், கந்தகம் போன்ற கடைச்சரக்கு, சில காசுகள். கொற்கைக்கும் காயலுக்கும் இடைப்பட்ட நிலம் முழுவதிலும் பழைய குடியிருப்பின் தடயங்கள். ஆற்றின் இருகரையிலும் உள்ள பல ஊர்கள் ஒருகாலத்தில் கொற்கையோடு சேர்ந்திருந்தவை என்று கல்வெட்டுகளால் தெரிவதாகவும் அவரே எழுதுகிறார். நிலத்தில் அவர் கண்டது பழையகாயலார் சொல்லோடு பொருந்துகிறது. தொடர்ச்சியான ஒரு குடியிருப்பைக் கண்ணால் கண்டுவிட்டு, ஒன்று செத்து இன்னொன்று பிறந்தது என்ற கதையை அவர் தேர்ந்துகொண்டார்.

பழையகாயலாரின் சொல்லை அளவுபற்றிய வீம்பாக எடுக்க வேண்டியதில்லை. கடலை நம்பிப் பிழைக்கும் கூட்டம் ஊரை எப்படி எண்ணும்? ஆறு வாயை மாற்றும், மணல்மேடு எழும்பும், குடிசைகள் நூறு பாகம் தள்ளிப் போகும். ஒரே பங்காளிகள், ஒரே வலைப்பாடு, ஒரே முத்துப்பார். அவர்களுக்குத் துறை நகர்ந்தாலும் ஊர் ஒன்றுதான். கொற்கையும் காயலும் ஒரே ஊர் என்று பழையகாயலார் சொன்னபோது, ஆற்றோடு கீழே இறங்கிவந்த ஒரே குடியைப் பற்றித்தான் சொன்னார்கள் என்பது என் வாசிப்பு. இதற்கு நேரடிச் சான்று என்னிடம் இல்லை. கால்டுவெல் அவர்கள் சொன்ன சொற்களை அப்படியே தரவில்லை, சுருக்கித் தந்திருக்கிறார்; யாரைக் கேட்டார், எத்தனை பேர் என்பதும் கடிதத்தில் இல்லை. ஆனாலும் சாட்சியைத் தள்ளுபவர்தான் காரணம் காட்ட வேண்டும். இங்கே காட்டப்படவில்லை.

கொற்கையாரின் கூற்றை எப்படி எடைபோடுவது? கால்டுவெல் காலத்துக் கொற்கை நன்செய் உழவர்களின் ஊர். கடலை விட்டுப் பல நூற்றாண்டு ஆகிவிட்டது. அங்கே கடல் இருந்தது என்பது தலைமுறை தலைமுறையாக வந்த நினைவாக இருக்கலாம். கிணறு வெட்டும்போது கடல்மணலும் சங்கும் சிப்பியும் வெளிவருவதைப் பார்த்து அவர்களே கண்டறிந்த முடிவாகவும் இருக்கலாம். இரண்டாவதே எனக்குக் கூடுதலாகப் படுகிறது. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது; நல்ல கூர்மையான அவதானம் அது. கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது, கழிமுகம் கடலை நோக்கி வளர்ந்திருக்கிறது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் தங்கள் காலடி மண்ணைப் பற்றி உழவர்கள் கண்டறிந்ததை, தங்கள் கண் எட்டாத காயலின் முடிவுக்கும் அவர்கள் நீட்டியிருக்கிறார்கள். கால்டுவெல் அந்த நீட்சியையும் ‘மரபு’ என்ற தலைப்பில் ஏற்றுக்கொண்டார். முகத்துவாரத்திலேயே வாழ்ந்து, மணல் எழும்புவதையும் உடைவதையும் ஆண்டுதோறும் பார்த்தவர்கள் பழையகாயலார். கடல் விலகியதால்தான் எங்கள் ஊர் அழிந்தது என்று அவர்கள் சொன்னதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பழைய துறையை ஆற்றுமணல் தூர்த்தது என்று அங்கே எழுதியிருப்பது கால்டுவெல் தம் சொந்தக் கூற்றாகச் சொல்வது. மௌனத்திலிருந்து முடிவு கட்டுவது ஆபத்து என்பதை அறிவேன். என்றாலும், எவருக்கு நன்றாகத் தெரிந்திருக்குமோ அவர் வாயிலிருந்து அந்தக் காரணம் வரவில்லை என்பதைக் கடந்து போக முடியவில்லை.

கடிதத்திலேயே இன்னொரு சாட்சி இருக்கிறார். தூத்துக்குடித் துறைமுக அதிகாரியாக இருந்த கேப்டன் பிப்ஸ். தென்காற்று அடிக்கும்போது நாட்டுப் படகுகள் பழையகாயல் நங்கூரத் துறையில் இன்னும் ஒதுங்குவதாகவும், ஆற்றுவாய் மணல்திட்டில் அலை உடைந்தாலும் படகுகள் எக்காலமும் அதைக் கடந்து போவதாகவும் அவர் சொன்னதைக் கால்டுவெல் சேர்த்திருக்கிறார். முன்பு ஆழம் கூடுதலாக இருந்திருக்கும் என்பது பிப்ஸின் ஊகம் மட்டுமே. தூர்ந்து செத்ததாகச் சொல்லப்படும் துறையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் படகுகள் ஒதுங்கிக்கொண்டிருந்தன என்றால், மூன்று நூற்றாண்டுக்கு முன்னால் நகரம் கைவிடப்பட்டதற்குத் தூர்ந்ததைத் தனிக் காரணமாகச் சொல்வது கடினம்.

அப்படியானால் காயல் எப்போது, எதனால் விழுந்தது? இங்கே ஆண்டு வரிசை முக்கியம். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிங் பேரரசின் ஆவணங்களில் காயல் தனி நாடாக எண்ணப்பட்டிருக்கிறது. அதே நூற்றாண்டில் நிக்கோலோ கோண்டி அதைக் குறிக்கிறார். 1516ஐ ஒட்டி எழுதிய துவார்த்தே பார்போசா, கொல்லத்து அரசனின் ஆட்சிக்குட்பட்ட செழிப்பான துறையாகவே காயலை வருணிக்கிறார். அங்கே முத்துக்குளிப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்த பெருஞ்செல்வரான ஒரு முஸ்லிமைப் பற்றி அவர் சொல்வது கவனத்துக்குரியது. அரசனுக்கு நிகரான மதிப்பு அவருக்கு. தம் சமயத்தார்க்கு அரசன் தலையீடின்றி அவரே நீதி வழங்கினார். முத்துக்குளிப்போர் வாரம் முழுதும் தங்களுக்காகக் குளித்தனர், வெள்ளிக்கிழமைப் பாடு படகுக்காரருக்கு, பருவத்தின் கடைசி வாரத்துப் பாடு குத்தகைக்காரருக்கு. நகரம் நின்றது இந்த ஏற்பாட்டின்மேல். குளிப்பவர், படகுடையவர், குத்தகைக்காரர், அரசன் என்ற நான்கு அடுக்கில் ஒன்று குலைந்தாலும் மற்றவை நிற்காது.

அடுத்த இருபது ஆண்டுகளில் அது குலைந்தது. 1530களில் முத்துக்குளிப்பு உரிமைபற்றி, முத்துக்குளிக்கும் குடியினரான பரவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் இடையே மூண்ட மோதல், போர்த்துகீசியரின் நுழைவு, 1536-37இல் பரவர்களின் பெருந்திரளான ஞானஸ்நானம், 1538இல் வேதாளையில் மரக்காயர் கடற்படையின் தோல்வி எல்லாம் அறிந்த செய்திகளே. 1540கள், 50களின் இயேசு சபைக் கடிதங்களில் முத்துக்குளித்துறையின் மையம் புன்னைக்காயல். அச்சபையின் அண்ட்ரிக் அடிகளார் பணியாற்றியது அங்கே. அவருடைய தமிழ் நூலான ‘ஃப்ளோஸ் சாங்தோரும்’ 1586இல் அச்சானதும் அங்கேதான் என்று பரவலாகக் கொள்ளப்படுகிறது. பார்போசாவுக்கும் இந்தக் கடிதங்களுக்கும் நடுவே இருப்பது ஏறத்தாழ முப்பது ஆண்டு. ஒரு பெருந்துறையைத் தூர்க்க ஆற்றுமணலுக்கு அது போதாது. ஓர் உரிமை ஏற்பாட்டைக் கலைக்க ஆட்சிக்கும் படைக்கும் அது தாராளம். இந்த முப்பது ஆண்டுக்குள் எந்த ஆண்டில் காயல் வெறிச்சோடியது என்று குறிக்க இயலவில்லை. ஒரே நாளில் நடந்ததாகவும் நான் கருதவில்லை.

இந்த இடத்தில் கால்டுவெல் பதிவின் ஒரு முடிச்சு அவிழ்கிறது. போர்த்துகீசியர் காயலிலிருந்து தூத்துக்குடிக்குப் போன பிறகு மக்கள் புன்னைக்காயலுக்கு வந்தார்கள் என்கிறது கடிதம். உண்மையில் புன்னைக்காயல்தான் முதலில் போர்த்துகீசியத் தளம். தூத்துக்குடி ஓங்கியது அதன் பிறகு. வரிசை தலைகீழாகியிருக்கிறது. ஊரார் நினைவு குழம்பியதா, கால்டுவெல் சுருக்கியதில் குழம்பியதா என்று தீர்மானிக்க வழியில்லை. எப்படியானாலும் விளைவு பெரிது. போர்த்துகீசியர் விட்டுப்போன ஊர் புன்னைக்காயல் என்றால், அது இன்றும் ஆற்றுவாயில் கடலை ஒட்டி நிற்கும் ஊர். அங்கே கடல் விலகவில்லை. 1553இல் அது தாக்கிச் சூறையாடப்பட்டது. மதுரை நாயக்கர் தரப்பின் நெருக்கடி தொடரவே, 1560இல் மன்னார்த் தீவைக் கைப்பற்றிய பிறகு போர்த்துகீசியர் பரவர்களில் ஒரு பகுதியினரையும் அழைத்துக்கொண்டு அங்கே பெயர்ந்தார்கள். வரிக்கும் வாளுக்கும் அஞ்சிய பெயர்ச்சி அது. ‘கடல் பின்வாங்கியது’ என்ற சொல்லுக்குக் கீழே இதையெல்லாம் புதைத்துவிட்டோம்.

என் கருத்தை நேராகச் சொல்கிறேன். காயல் தூர்ந்து அழியவில்லை, பிளந்தது. பரவர்கள் ஆற்றுவாய்க்கு, முஸ்லிம் வணிகர்களில் ஒரு பகுதியினர் தெற்கே சோனகர்பட்டினத்துக்கு. இரண்டு ஊராரும் தனித்தனியாக, தங்கள் முன்னோர் காயலிலிருந்து வந்தவர்கள் என்று கால்டுவெல்லிடம் சொன்னது இதனால்தான். ஒரே வேரைச் சுட்டும் இரண்டு தனிச் சாட்சியங்களை அவர் கையில் வைத்திருந்தும், அவை காயல்பட்டினத்தின் பழமைக்கு எதிரானவை என்ற அளவில் பயன்படுத்திக்கொண்டு விட்டுவிட்டார்.

இதற்கு ஒரு தடை உண்டு, அதை மறைக்கலாகாது. காயல்பட்டினம் பிளவுக்குப் பின் தோன்றிய ஊராகத் தெரியவில்லை. அங்கே பழமையின் சுவடும் இல்லை, அயல்நாட்டு வணிகத்தின் நினைவும் இல்லை என்ற கால்டுவெல்லின் கூற்று இன்று நிற்காது. அவ்வூர்ப் பள்ளிவாசல்களையும் அரபுக் கல்லறைக் கற்களையும் மெஹர்தாத் ஷொகூஹி அளந்து, தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை பற்றிய தம் 2003ஆம் ஆண்டு நூலில் ஒரு பெரும் பகுதியாகவே தந்திருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் சதக்கத்துல்லாஹ் அப்பா போன்ற பேரறிஞர் பிறந்த ஊர் அது. அரபு வணிகரைச் சுட்டும் சோனகர் பெயரையே தாங்கிய ஒரு கடற்கரைப் பட்டினத்துக்குக் கடல்வணிக நினைவே இல்லை என்று எழுத எப்படித் துணிந்தார் என்று வியக்கிறேன். கேட்ட முறையில் கோளாறு இருந்திருக்க வேண்டும். இடையன்குடியிலிருந்து வந்த ஆங்கிலச் சபைப் பாதிரியாரான அவரிடம், முஸ்லிம் வணிகர்களும் கத்தோலிக்கப் பரவர்களும் தங்கள் பழங்கதையை எந்த அளவுக்குத் திறந்து சொல்லியிருப்பார்கள்? ஆகவே சோனகர்பட்டினம் முன்பே இருந்தது, காயல் உடைந்தபோது அங்கிருந்து குடிகள் வந்து சேர அது பெருகியது என்று கொள்வதே இப்போதைக்குப் பொருத்தம். எந்த அளவு முன்பே, எந்த அளவு பின்பு என்பது தீராத கேள்வியாகவே நிற்கிறது.

சுற்றுச்சூழல் மாற்றத்தையே நான் தள்ளிவிடுகிறேன் என்று எண்ண வேண்டாம். இக்கரையார் வாழ்வை உலுக்கிய இயற்கை மாற்றம் ஒன்று உண்டு. அது முத்துப்பார்களின் நிலையாமை. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தோலாயிரம் பார் போன்ற பெரும் பார்களிலும் சிப்பி ஒரு பருவம் நிறைந்து கிடக்கும். பிறகு ஆண்டுக்கணக்கில் காணாமற்போகும். குளிப்பு எங்கே விளைகிறதோ அங்கே கரையில் பந்தல் எழும், சந்தை கூடும், முடிந்ததும் கலையும். 1961இல் நடந்ததே இக்கரையின் கடைசிப் பெருங்குளிப்பு. நகரும் கடைத்தெருவோடு பல தலைமுறை வாழ்ந்தவர்களுக்குக் கரை அசைவது புதிதல்ல. அவர்களைக் குடிபெயர்த்தது பார் யாருக்குச் சொந்தம் என்ற வழக்குதான்.

ஆற்றின் கதையும் ஒரே திசையில் போகவில்லை. கடலுக்கு முந்திய கடைசி அணையான ஸ்ரீவைகுண்டம் அணை 1873இல் முடிந்தது. காயல் மேட்டில் கிடைத்த காசைக் கால்டுவெல் வழியாக யூலுக்குக் கிடைக்கச் செய்த கலெக்டர் பக்கிளின் காலத்து வேலை அது. அதன்பின் முகத்துவாரத்துக்கு வரும் வெள்ளம் மனிதர் கணக்குக்கு உட்பட்டது. பல காயல்கள், அதாவது உப்பங்கழிகள், வற்றி உப்பளமானதைக் கால்டுவெல்லே குறித்திருக்கிறார்; இன்றும் பழையகாயல் வட்டாரத்தில் உப்பளங்கள் உள்ளன. புன்னைக்காயல் மீனவர்கள் முகத்துவாரத்தைத் தூர்வாரக் கேட்கிறார்கள், தூண்டில் வளைவு கேட்கிறார்கள். கடல் விலகுகிறது என்று அவர்கள் முறையிடவில்லை. வாய் அடைபடுகிறது, ஆற்றில் தண்ணீர் வரவில்லை என்கிறார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டி, ஆறு கரைமீறிக் கீழ்ப்பகுதி ஊர்களைச் சூழ்ந்தபோது, ஆறு மணலைக் கொட்ட மட்டுமன்றி அறுத்துக்கொண்டு போகவும் வல்லது என்பதை எல்லாரும் பார்த்தோம். நூற்றாண்டுதோறும் இத்தனை அடி என்று சீராகப் பின்வாங்கும் கடலைக் காகிதத்தில் வரைவது எளிது. இந்தக் கரை அப்படி நடந்துகொள்வதில்லை.

என் வாசிப்பைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கொற்கையில் 1968-69இலும் அண்மையிலும் அகழ்ந்தோம். பழையகாயலைச் சுற்றிய மேடுகளுக்கு அதே கவனம் தரப்படவில்லை. கால்டுவெல் காலடியில் மிதிபட்ட சீனப் பீங்கான் சில்லுகள் பெரும்பாலும் காலம் கணிக்கத்தக்கவை. பதினான்காம் நூற்றாண்டுப் பச்சைப் பீங்கானும் மிங் காலத்து நீலவெள்ளைப் பீங்கானும் எளிதில் பிரித்தறியக்கூடியவை. கொற்கைப் பக்கத்திலிருந்து கடல்நோக்கி மேடுமேடாக அவற்றைச் சேகரித்து வரிசைப்படுத்தினால், சில்லுகள் படிப்படியாகக் கடலை நோக்கி இளையனவாகிப்போகின்றனவா, எல்லா மேட்டிலும் 1500ஐ ஒட்டிய காலம்வரை ஒன்றாக இருந்து பின் ஒரேயடியாக நின்றுபோகின்றனவா என்று தெரியும். முதலாவதானால் கொற்கையார் சொன்னதும் கால்டுவெல் ஏற்றதும் சரி. இரண்டாவதானால் பழையகாயலார் சொன்னது சரி. உப்பளப் பாத்திகள் அந்த மேடுகளை நெருங்கிக்கொண்டிருக்கின்றன. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அடுத்த பருவத்திலேயே அங்கே ஒரு மேற்பரப்பாய்வைத் தொடங்க வேண்டும்.